கால் தெரியும் மேஜை

லேக் கார்டன்ஸில் ஷியாமளாவின் வீட்டுக் கூடத்தில், சன்னலோரம் ஓர் இடம் எட்டு வருஷமாகக் காலியாகவே கிடந்தது. கணவர் வெங்கடநாராயணனின் காரியங்கள் முடிந்த கையோடு, அங்கிருந்த மேஜையையும் விளக்கையும் தெருவில் கூவிக்கொண்டு வந்த பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "நல்ல சாமானாச்சே, மாஷிமா" என்று அந்த வங்காளியே தயங்கினான்.

நல்ல சாமான்தான். வெங்கடநாராயணனின் கம்பெனியில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊர் திரும்பும்போது அவரிடம் விட்டுப்போனது. அறுபதுகளின் பாணி. கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகை ஒன்றையே வளைத்துச் செய்த மேஜை. விளக்கின் மூடி ஆரஞ்சு நிற அக்ரிலிக். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஷியாமளா, காபி டம்ளர் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து முதல் நாள் சிரித்தாள்.

சிரிப்பு நிலைக்கவில்லை. மேஜை வழியே அவர் கால் தெரியும். குரலை உயர்த்துகிறவர் இல்லை அவர். கோபம் வருவதற்கு முன் வலது கால் மட்டும் ஆட ஆரம்பிக்கும். ஆடினால், அடுத்துப் பறப்பது தட்டா, மேலே விழுவது கையா என்று தெரியாது. வங்கியில் ஒரு கிளையையே கட்டி மேய்த்தவள், வீட்டில் அந்தக் காலைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டினாள். மகள் சஹானாவுக்குச் சீக்கிரமே சோறு போட்டுத் தூங்க அனுப்பிவிடுவாள். குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று நம்பினாள்.

அவர் போன பிறகும் அந்தக் கால் போகவில்லை. காலி இடத்தைத் தாண்டும்போது ஷியாமளா சுவரை ஒட்டியே நடந்தாள். சில சாயங்காலங்களில் அங்கே தரையில் செருப்பு உரசுவது கேட்டது.

போன துர்கா பூஜைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாதவ்பூரில் தனியாக இருக்கும் சஹானா டெம்போவோடு வந்து இறங்கினாள். ஆட்கள் மேஜையையும் விளக்கையும் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

"பவானிபூர்ல ஒரு கடைல பாத்தேம்மா. விண்டேஜ்னு போட்டு வச்சிருக்கான். நம்மளோடதேதான். மூலைல நான் காம்பஸால கீறின கோடுகூட இருக்கு. நீ அந்த எடத்துல வேற எதுவுமே வைக்கலியே, அப்பா ஞாபகமாத்தான்னு நெனச்சேன்."

ஷியாமளா காபி கலந்து கொண்டுவந்தாள். சஹானா விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கு அடியில், ஆரஞ்சு வெளிச்சத்தில், அவளுடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. ஷியாமளா தன்னை அறியாமல் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காபி சிந்தியது.

"என்னம்மா ஆச்சு?"

"காலை ஆட்டாதேடி."

சஹானா குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தூங்க அனுப்பினப்பெல்லாம் நான் தூங்கினதே இல்லம்மா. கதவிடுக்கு வழியா அந்தக் காலைத்தான் பாத்துண்டிருப்பேன்."

"தெரிஞ்சுமா இதை வாங்கிண்டு வந்தே?"

"நீ அவரை மன்னிச்சுட்டேன்னு நெனச்சேன். எனக்கும் அந்த மனசு வருமான்னு பாத்தேன்."

"வரலடி. எனக்கே வரல."

கடைக்காரன் மறுநாள் வந்து இரண்டையும் எடுத்துப்போனான். அந்த இடத்தில் இப்போது ஒரு பிரம்பு சோபா இருக்கிறது. சஹானா வாரந்தோறும் வருகிறாள். காலை மடக்கி வைத்துக்கொண்டுதான் அதில் உட்காருகிறாள். சில நாட்களில் அவரைப் பற்றியும் பேசுகிறார்கள், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு.