பறி கவ்வும் பல்

பழவேற்காடு ஏரியில் இறால் தடவுகிறவர்களுக்கு இரண்டு கை போதாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவவே இரண்டு கையும் வேண்டும். பிடித்ததைப் போடப் பறி என்கிற பனையோலைக் கூடையும் கூடவே வர வேண்டும். அதனால் பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். ஜமுனா கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான் கவ்விக்கொண்டிருக்கிறாள். அவள் கவ்வுவது இடது பக்க மேல் கோரைப்பல்லால்; வலது பக்கத்துப் பல் எப்போதோ விழுந்துவிட்டது. அந்தப் பல்தான் அவள் காலை வாரியது. ஈறு வீங்கி, கன்னம் உப்பி, தண்ணீர் பட்டாலே உயிர் போயிற்று.

வலியைவிட ஊர் சொன்ன யோசனைதான் பெரிய ரோதனை. ஒருத்தி கிராம்பு வை என்றாள், இன்னொருத்தி புகையிலையை அடக்கு என்றாள். கூடவே இறால் தடவ வரும் பொன்னியம்மாள், "மேல்பல்லைப் புடுங்குனா கண்ணு பூடும்டி" என்று பயமுறுத்தினாள். புருஷன் தசரதனோ, "ஒரு பல்லுக்கு இம்மாம் பஞ்சாயத்தா? புடுங்கிக் கடாசு" என்றான். அவனுக்கென்ன, வலை வீசுகிறவன். பல்லே இல்லாவிட்டாலும் அவன் பிழைப்பு நடக்கும்.

பொன்னேரியில் பல் டாக்டர் மனோரமா பொறுமையாகத்தான் சொன்னார்.

"பல்லைப் புடுங்கினா கண்ணு போகும்ங்கறது சும்மா கதை. ஆனா புடுங்கவே வேணாம்மா. உள்ள இருக்கிற நரம்பு அழுகிடுச்சு. அதை எடுத்துட்டு, வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். பல்லு உங்களுதாவே இருக்கும்."

"வலிக்குமா?"

"மரத்துப்போக ஊசி போடுவேன். அது சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்."

அப்படியேதான் இருந்தது. ஊர் பயமுறுத்தியதற்கு, ரூட் கேனால் என்ற அந்த வேர்ச் சிகிச்சையில் ஜமுனாவுக்குக் கஷ்டமாக இருந்தது, வாயைப் பிளந்தபடி கிடந்தது மட்டும்தான். டாக்டர் தற்காலிகமாக அடைத்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் இந்தப் பல்லால கெட்டியா எதையும் கடிச்சுச் சாப்பிடாதீங்க" என்று அனுப்பினார். ஒரே நாளில் முடிக்காமல் எதற்கு இழுத்தடிக்கிறார் என்று எரிச்சல் வந்தாலும், ஜமுனா சொன்ன சொல்லைத் தட்டவில்லை. கருவாட்டைத் தொடவில்லை, வெறும் கஞ்சிதான். வலி போயிருந்தது. மறுநாளே பறியைக் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

அடுத்த முறை வாயைப் பார்த்த டாக்டர் திகைத்துப்போனார். அடைப்பு பெயர்ந்து, பல்லின் ஓரமும் சில்லு விட்டிருந்தது.

"கடிக்காதீங்கனு சொன்னேனே!"

"ஒரு பருக்கைகூட அதால கடிக்கல டாக்டரம்மா! கஞ்சி குடிச்சே காஞ்சு கெடக்குறேன்!"

துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் பறி விஷயம் வெளியே வந்தது. ஜமுனா மறைக்கவில்லை. பறி கவ்வுவது பல்லின் வேலை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது ஏரி வேலை.

"ஈரக் கூடையை, இறாலோட, பல்லால இழுப்பீங்களா? முதல்லயே சொல்ல வேணாமா?"

"இன்னா வேலை செய்யறேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

நல்லவேளையாக, படம் எடுத்துப் பார்த்ததில் வேர் தப்பியிருந்தது. மறுபடி சுத்தம், மறுபடி அடைப்பு. நரம்பு எடுத்த பல் சுலபமாக உடையும், மேலே கேப் போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

கேப் வரும்வரை ஜமுனா பறியைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். அது முன்னால் மிதந்து வந்து கையை மறித்தது. குனிந்தால் கவிழ்ந்தது. பிடித்த இறாலெல்லாம் துள்ளிக்கொண்டு போனது. மழை விட்டு ஏரியில் இறால் கொழித்திருந்த சமயம் அது. பொன்னியம்மாளின் பறி நிறைவதைப் பார்த்துப் பார்த்து ஜமுனாவுக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாமென்றால் அதற்கும் தடை.

ஒருவழியாகக் கேப் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் எது சொந்தப் பல், எது டாக்டர் மாட்டியது என்றே தெரியவில்லை. ஜமுனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நாளைலேர்ந்து பறி கவ்வலாம்ல?"

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி நிமிர்ந்தார். "இனிமே கவ்வவே கூடாதும்மா. இழுக்கற இழுப்புல கேப் கழண்டுடும். வேர் பொளந்தா அப்புறம் புடுங்கத்தான் வேணும்."

"அப்ப இதை எதுக்குக் காப்பாத்துனீங்க?"

"சாப்பிடத்தான்."

ஜமுனா நாற்காலியை விட்டு இறங்கினாள்.

"சாப்பிடப் பல்லு குடுத்துட்டீங்க, சரி. சோத்துக்கு நான் இன்னா பண்றது?"