பீச்சுக்கு அடுத்து வரும் வீடு

பயப்படுவதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். ஆனால் பயத்தில் மட்டும் அதற்கு வெகு முன்னாலேயே மேல்படிப்பு முடித்திருந்தேன். மழை வந்தால் சுவர் விழுமே என்று பயம். வராவிட்டால் அப்பா எல்லோர் மேலும் எரிந்து விழுவாரே என்று பயம். அப்படிப்பட்டவளிடம், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அம்மா ஒருநாள், "சனிக்கெழம மெட்ராஸ் போலாமா பாப்பா? நீயும் நானும் மட்டும். ஞாயித்துக்கெழம வந்துடலாம்" என்று கேட்டாள். வேறொரு பிள்ளையாக இருந்தால் தெருவெல்லாம் ஓடிச் சொல்லியிருக்கும். நான் பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம், பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அந்த எண்பதுகளில் எங்கள் பக்கத்துச் சின்னப் பெண்களை மெட்ராஸ் வீடுகளில் வேலைக்கு விடுவார்கள். விடப்போவதைப் பெண்ணிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது பஸ் ஏறாதே. எங்கள் தெருக் கோடிவீட்டு அக்கா அப்படிப் போனவள். பொங்கலுக்கு வந்திருந்தபோது குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எனக்கு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள்.

"மொதல்ல புதுப் பாவாட எடுத்துக் குடுப்பாங்க. அப்பறம் பீச்சு காட்டுவாங்க. நீ கேக்காமயே குச்சி ஐஸ் வாங்கித் தருவாங்க. அதுக்கு அடுத்தாப்ல ஒரு ஊட்டாண்ட இட்டுக்கினு போவாங்க. எங்கப்பா வெத்தல வாங்கிக்கினு வர்றேன்னுட்டுப் போனாரு. இன்னும் வாங்கிக்கினே கீறாரு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா திண்டிவனம் போய்விட்டுப் பையோடு வந்தாள். உள்ளே பச்சைப் பாவாடை, கீழே மஞ்சள் பட்டை வைத்தது. பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்திருந்த சமயம், அவ்வளவுதான்.

"புடிச்சிருக்கா?"

"ம்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் புறப்படும்போது அப்பா என் தலையைத் தடவி, "பத்தரமா போய்ட்டு வா" என்றார். அப்பா தலையைத் தடவுகிற மனிதரே இல்லை. அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் என்று ஒன்று மிச்சமிருக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அச்சிறுபாக்கம், மதுராந்தகம், செங்கல்பட்டு, தாம்பரம் என்று வழியெல்லாம் ஊர்ப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். விட்டுவிட்டுப் போனால் அதையே தலைகீழாகச் சொல்லிக்கொண்டு நடந்து வந்துவிடலாம் என்று ஏற்பாடு. அம்மா நான் வேடிக்கை பார்ப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

சைதாப்பேட்டையில் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். பையை அங்கே போட்டுவிட்டுச் சோறு தின்றோம். சாயந்திரம் அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெரிந்த பதிலை எதற்குக் கேட்க வேண்டும்?

பீச்சுதான்.

கடலைப் பற்றி நான் என்ன சொல்ல? அவ்வளவு தண்ணீரையும் நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. அம்மா தண்ணீரில் காலை வைத்தால் நானும் வைத்தேன். அவள் கரைக்கு வந்தால் நானும் வந்தேன். அவள் முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மணலில் போகிறவர்கள் யாராவது எங்களை நோக்கி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் கடலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு வந்தான். நான் கேட்கவில்லை. அம்மாவே கூப்பிட்டு வாங்கினாள். சிவப்புக் குச்சி ஐஸ். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ தின்னும்மா."

"எனக்கு ஆவாது. நீ தின்னு."

அது கையில் உருகி முழங்கைவரை வழிந்தது. நக்கிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாடி, எவ்ளோ ஆசயா வாங்கிக் குடுத்தேன்" என்று அம்மா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டாள். அவள் முகம் வாடிப்போனது இப்போது நினைவு வருகிறது.

வீட்டுக்குத் திரும்பியதும் பெரியம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி உம்பொண்ணு, ஆட்டுக்குட்டியாட்டம் ஒட்டிக்கினே திரியுது. நீ கக்கூசு போனா வாசல்ல காவலுக்கு நிக்குது."

"புது ஊருல்ல, பயப்படுது."

"அப்ப பயம் தெளியற வரிக்கும் இங்கியே உட்டுட்டுப் போ. எனக்கும் கூடமாட ஒத்தாசயா இருக்கும்."

விளையாட்டுக்குச் சொன்னது. ஆனால் அம்மா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். "வெளயாட்டுக்குக்கூட அப்பிடிச் சொல்லாதக்கா" என்றாள். சத்தம் போடவில்லை. பெரியம்மா சட்டென்று எழுந்து குழம்பை எடுக்கப் போனாள். ரகசியம் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டது, அதனால்தான் அம்மாவுக்குக் கோபம் என்று நான் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். "நேரா ஊருக்குத்தானம்மா?" என்று கேட்டேன். "வழியில ஒரு எடத்தப் பாத்துட்டுப் போய்டலாம்" என்றாள். அவள் முந்தானையின் நுனியை மறுபடி விரலில் சுற்றிக்கொண்டேன்.

மயிலாப்பூர்க் குளத்தண்டை இறங்கினோம். திண்டிவனத்தில் வானூர் பஸ் எது என்று மூன்று பேரைக் கேட்டபிறகும் நம்பாமல் நடத்துநரைக் கேட்டு ஏறுகிறவள் அம்மா. இங்கே ஒருவரையும் கேட்கவில்லை. இடது பக்கம் திரும்பினாள், பூக்கடையைத் தாண்டினாள், ஒரு சந்தில் நுழைந்து இன்னொரு தெருவில் வந்து நின்றாள். எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்து வைத்திருந்தால்தானே இப்படி வழி தெரியும்? எதிரே பச்சைக் கம்பிக் கதவு போட்ட மாடி வீடு. அம்மா இந்தப் பக்கத்துச் சுவரோரம் நின்று அந்த வீட்டையே பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

பையைக் கீழே வைத்ததுதான் தாமதம். நான் பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

"என்ன உட்டுட்டுப் போய்டாதம்மா. நான் கேப்பக் கூழே குடிக்கறேன், சோறு கேக்க மாட்டேன். பாவாட எனக்கு வேணாம்."

அம்மா திரும்பினாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தாள். கண்ணாடி போட்டவள், நடுத்தர வயது. பையையும் அம்மாவையும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற என்னையும் பார்த்தாள்.

"ஆள் அனுப்பறேன்னு சொன்னாங்களே, அதுக்கு வந்தவங்களா? பொண்ணு இவதானா? அழாதம்மா, உள்ள வா, காப்பி குடிக்கலாம்."

அன்பாகத்தான் கூப்பிட்டாள். அந்த அன்பில் எனக்கு உயிரே போய்விட்டது.

அம்மா பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். என்னைக் கம்பத்திலிருந்து பிரித்தெடுத்து, எட்டு வயதுப் பெண்ணை, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க. வேலைக்கு இல்ல. இது எம்பொண்ணு. பீச்சு பாக்க இட்டாந்தேன். பாத்தாச்சி, ஊருக்குப் போறோம்."

அந்த அம்மாள், "அப்படியா, சரி" என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அது சாதாரணப் பேச்சு. அம்மாவோ அந்தத் தெரு முனைவரைக்கும் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தாள். "பாத்தாச்சி, போறோம். பாத்தாச்சி, போறோம்."

பல வருஷம் கழித்து, என் மகளைப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு அனுப்ப மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தபோது, வந்திருந்த பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உங்கம்மாளே உன்ன அங்க இட்டுக்கினு போயி காட்டினா. உனக்கு இன்னாடி வந்துச்சி?" என்றாள். எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அந்த மயிலாப்பூர் வீட்டில்தான் தாத்தா அம்மாவைச் சின்ன வயதில் விட்டுவிட்டு வந்தாராம். பீச்சு காட்டி, ஐஸ் வாங்கிக் கொடுத்து. அவள் வயதுக்கு வந்தபிறகுதான் ஊருக்குக் கூட்டி வந்தார்களாம். நடக்கிற தூரத்தில் கடல் இருந்தும் அத்தனை வருஷத்தில் அவள் மறுபடி அதைப் பார்க்கவில்லை. வீடு கைமாறிவிட்டது, வேறு யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தும்தான் அன்று போயிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. பிழைத்துக்கொண்டேன் என்பது மட்டும் தெரியும். பாரிமுனையில் ஊர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பசி வந்தது. வேகவைத்த மல்லாட்டை கேட்டேன், வாங்கிக் கொடுத்தாள். தின்றுகொண்டே கடல் ஏன் உப்பு, கப்பல் ஏன் முழுகுவதில்லை என்று இரண்டு நாளாகக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கை விடாமல் நடுங்கியது. பஸ் ரொம்பப் பழசு போலிருக்கிறது, இப்படி ஆடுகிறதே என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனேன்.