மிஞ்சிய சைக்கிள்

கடல் தண்ணீர் உள்ளே வந்து நிற்கிற எங்கள் களப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பாதை இருக்கிறது. கலா ஓயா ஆறு களப்பில் வந்து விழுகிற இடத்திலிருந்து எழுவான்குளம் பக்கமாகக் காட்டுக்குள்ளால் போகிற கிரவல் பாதை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பாலை மரமும் வீரை மரமும். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று எப்போதாவது போகும், அவ்வளவுதான். அந்தப் பாதையில் போகிற எல்லோர் மேலும் எனக்கு நான்கு வருடம் பொறாமை இருந்தது. சொல்ல வெட்கமாக இல்லை. உள்ளதைத்தானே சொல்கிறேன்.

என் கணவர் ஆலங்குடாவில் வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய் ஊர் காட்டுகிறவர். கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிறவர்கள், காற்று விழுந்த நாளில் செய்ய வேலையில்லாமல் அவரிடம் வருவார்கள். சைக்கிள்களை வள்ளத்தில் ஏற்றிக் களப்பைக் கடந்து, அக்கரையில் காலைச் சாப்பாடு கொடுத்து, பாதையில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவார். சாப்பாடு என் பொறுப்பு. சட்டியோடு சட்டியாக நானும் வள்ளத்தில் போவேன். அவர்கள் போன பிறகு மருத மரத்தடியில் இருந்து பாத்திரம் கழுவுவேன், ஆற்றைப் பார்ப்பேன், வள்ளக்காரக் கிழவரின் குறட்டையைக் கேட்பேன். மூன்று மணித்தியாலம் கழித்து முதலில் சிரிப்புச் சத்தம் வரும், பிறகு ஆட்கள் வருவார்கள். அந்தச் சிரிப்பில் பெரியது என் கணவருடையது. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கனமூலையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் நானும் சைக்கிள் ஓடியவள்தான். பின்னால் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு தென்னந்தோட்டத்துக்குள்ளால் பறப்பேன். கலியாணத்துக்குப் பிறகு ஓடவில்லை. ஓடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஓடு என்றும் யாரும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரப் பெண்களோடு திரிகிறார் என்று அக்கம்பக்கத்தில் என் காதுபடச் சாடை பேசுவார்கள். அவர்களுக்கு விஷயம் விளங்கவில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் என் மாமியின் வயது. என் வயிற்றெரிச்சல் வேறு. அவர்களோடு அவர் கதைக்கிறார். சின்ன வயதில் யானைக்குப் பயந்து மரத்தில் ஏறியதை, வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கிய வருடம் கடலுக்குப் போக மனம் வராமல் கிடந்ததை, எல்லாம் சொல்கிறார். வள்ளத்தில் வைத்துத்தான் நானும் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கிலீஷ் எனக்குப் பேச வராது, கேட்டால் விளங்கும். வீட்டுக்கு வந்தால் அவருக்கு மூன்றே பேச்சு: தண்ணி, சார்ஜர் எங்கே, நாளைக்கு எத்தனை பேர்.

போன வருடம் ஒருநாள் ஹொலன்டிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். அன்று நான் நோன்பு. ரமழானில் பெண்களுக்கு விடுபடுகிற நாட்களைப் பிறகு களாவாகப் பிடித்துத் தீர்க்க வேண்டும். எனக்கு இரண்டு மிச்சம் இருந்தது. நான் விடியமுன் சஹருக்கு எழும்பிச் சாப்பிட்டது அவருக்குத் தெரியாது, நல்ல தூக்கம். தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன், அது என் பிழையாகவும் இருக்கலாம்.

களா நோன்பு நாளில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆணத்துக்கு உப்புப் பார்ப்பது அவர். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்பார்கள். எனக்கு மனம் ஒப்பாது. கலியாணம் செய்த முதல் வருடத்திலிருந்து குசினி வாசலில் வந்து உள்ளங்கையை நீட்டுவார், நான் அகப்பையால் ஒரு சொட்டு விடுவேன், நக்கிவிட்டு “காணும்” அல்லது “இன்னும் கொஞ்சம்” என்பார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது பெரிய விஷயம்.

அன்று பாரை மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. “இஞ்ச ஒருக்கா வாங்க” என்று கூப்பிட்டேன். முற்றத்தில் சைக்கிள் செயின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் “வாறன்” என்றார். வரவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டேன். அங்கிருந்தே சத்தம் போட்டார்:

“அந்த மூக்குக்கண்ணாடி மனுசிக்கு எறால் ஒத்துக்காது. மத்த ஆளுக்குப் பால் சேராது. மறந்திடாத!”

ஐந்து பேருடைய வயிறும் அவருக்குப் பாடம். என் வயிறு காலையிலிருந்து காய்வது தெரியாது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! கல்லுப்பை ஒரு பிடி அள்ளிப் போட்டேன். போட்டது காணுமா என்று தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே கூப்பிடவில்லை.

வள்ளம் புறப்படுகிற நேரம் ஐந்து பேரில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டார். அவருடைய சைக்கிளை அதற்குள் வள்ளத்தில் கட்டியாயிற்று. இறக்க நேரமில்லாமல் அதையும் கொண்டுபோனோம். நீலச் சைக்கிள், கைபிடியில் சின்ன பெல். களப்பு முழுவதும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சொல் சொன்னால் போதும், “நீயும் வா” என்று. மனதுக்குள் பத்துத் தரம் அவருக்காக நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கரையில் இறங்கி ரொட்டியும் ஆணமும் பரிமாறினேன். ஹொலன்ட்காரர்கள் நல்ல மனுசர்கள். முதல் வாயிலேயே கண் கலங்கிவிட்டது, ஆனாலும் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார்கள். என் கணவர் ஒரு வாய் வைத்தார். வைத்தவர் எழும்பி நேரே என்னிடம் வந்தார்.

“என்ன இது? உப்பளத்தையே கரைச்சி ஊத்தினியா?”

“நான் நோன்பு.”

அவர் முகம் மாறியது.

“சொல்லியிருக்கலாம் தானே.”

“ரெண்டு தரம் கூப்பிட்டன் தானே.”

ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். அவர் திரும்பி விருந்தாளிகளைப் பார்த்தார். பிறகு நீலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து மரத்தில் சாய்த்தார்.

“இதப் பாத்துக்கொள். குரங்கு வந்து சீட்டக் கடிக்கும்.”

அவ்வளவுதான். நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குரங்குக்குக் காவலாக என்னை வைத்துவிட்டுப் போகிறார்! கழுவ எடுத்த சட்டியை அப்படியே மண்ணில் வைத்தேன். வள்ளக்காரக் கிழவர் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியாயிற்று. முக்காட்டில் குத்தியிருந்த இரண்டு பின்னையும் கழற்றி, அபாயாவின் ஓரத்தைச் செயினில் சிக்காதபடி சுருட்டிக் குத்தினேன். பிஸ்மி சொல்லி ஏறினேன்.

முதலில் கைபிடி இரண்டு பக்கமும் ஆடியது. பத்து மிதி மிதித்ததும் சரியாகிவிட்டது. உடம்பு மறக்கவில்லை. பாதை நேராகப் போனது. மரக்கொப்புகளுக்குள்ளால் வெயில் துண்டு துண்டாக விழுந்தது, யானை இலத்தி ஒன்று ஈரம் காயாமல் நடுப்பாதையில் கிடந்தது, ஒரு மயில் எனக்கு வழி விட மனமில்லாமல் கொஞ்சத் தூரம் முன்னால் ஓடியது. ஆற்றுப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை, “சார்ஜர் எங்கே” என்று ஒரு கூப்பாடு இல்லை. தொண்டை வறண்டுபோயிருந்தது, ஆனாலும் சந்தோசமாக இருந்தது. சந்தோசத்தோடு சேர்ந்து எரிச்சலும் வந்தது. இதையா இந்த மனுசன் நான்கு வருடமாகக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்?

ஒரு வளைவில் அவருடைய குரல் கேட்டது. பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றேன். பற்றைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தார்கள். அவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி இன்று நோன்பு, அவளால் உப்புப் பார்க்க முடியாது, நான்தான் பார்த்துக் கொடுக்கிறவன், இரண்டு தரம் கூப்பிட்டாள், நான் போகவில்லை. ஒரு சொட்டு ஆணத்தைக் கையில் வாங்கி நக்க எனக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. பிழை அவளுடையது இல்லை, என்னுடையது. அதைச் சொல்கிற நேரம் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. மூக்குக்கண்ணாடி அம்மா அவருடைய தோளில் தட்டி, நீங்கள் நல்ல கணவர் என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நல்ல கணவராம்! அரை மணித்தியாலத்துக்கு முன்னால் நான் எதிரில் நின்ற நேரம் வாயைத் திறக்காதவர். எனக்கு வர வேண்டிய மன்னிப்பைக் கொண்டுபோய், நேற்று வந்த நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். நான்கு வருடமாக வந்தவர்கள் சைக்கிளில் போனது, சிரித்தது, என் மீன் ஆணத்தைத் தின்றது, எதற்கும் நான் இவ்வளவு எரிந்ததில்லை.

பெல்லை அடித்துக்கொண்டு வளைவைத் திரும்பினேன். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த போத்தல் சரிந்து தண்ணீர் ஊற்றுப்பட்டது.

“நோன்போட இந்த வெயில்ல என்ன இது?”

“இப்ப இங்கிலீசுல சொன்னத எனக்குத் தமிழ்ல சொல்லுங்க.”

“எத?”

“எதெண்டு ஒங்களுக்குத் தெரியும்.”

அவர் நிலத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். நாள் முழுக்க மீன் விலையும் காற்றின் திசையும் பேசுகிற வாய், திறந்து மூடியது. நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. கடைசியில் பக்கத்தில் வந்து கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

“நீ கூப்பிட்ட நேரம் நான் வந்திருக்கோணும்” என்றார். மெல்லிய குரல். “பிழை என்னிலதான், புள்ள.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்க மயிலைத் தேடுகிற மாதிரிக் காட்டைப் பார்த்தேன். அவர் என்ன சொன்னார் என்று மூக்குக்கண்ணாடி அம்மா ஆசையோடு கேட்டார். எதையும் மொழிபெயர்த்துப் பழகிய வாயல்லவா, என் கணவர் உடனே அவர் பக்கம் திரும்பினார்.

“அவங்களுக்குச் சொல்ல வேணாம்” என்றேன்.

பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் படித்து மிச்சமிருந்த இங்கிலீஷில் நானே சொன்னேன், அது எனக்குச் சொன்னது என்று.