ஆறு பக்கெட் பாசி

எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீருக்கு ஒரே எதிரி என் அத்தைதான். அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. பஞ்சாயத்தில் கொசுப்புழு ஒழிக்கும் ஒப்பந்த வேலை பார்த்தாள். நீலக் கோட்டு, டார்ச், ஒரு பை, பைக்குள் தேங்காய் நார். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியம் செய்வாள்: தண்ணீரைக் கவிழ்ப்பாள், தொட்டியின் உட்புறத்தை நாரால் தேய்ப்பாள், கதவில் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவாள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவளின் தம்பி வீட்டில், காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, நான் ஆறு பக்கெட் தண்ணீரைத் திறந்து வைத்தேன்.

அப்போது ஏழாம் வகுப்பு. புவியியலில் கண்டம், தீவு என்று படித்தபோது எனக்கு எங்கள் ஊர் ஏரிதான் கண்டமாகத் தோன்றியது. அதில் எல்லாப் பாசியும் இருக்கிறது. சுற்றிலும் காய்ந்த தரை உள்ள ஒரு பக்கெட் என்கிற தீவுக்குப் பாசி எப்படி வந்து சேர்கிறது, யார் முதலில் வருகிறார்கள்? பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதுதான் என் கேள்வி. அப்பா சிப்காட்டில் பெயிண்ட் பக்கெட் வார்க்கும் கம்பெனியில் இருந்தார். கோணலென்று கழித்ததில் ஆறு கிடைத்தது. ஒரே நாள், ஒரே குழாய், ஒரே அளவு. எண் எழுதினேன். வீட்டில் ஒரு சட்டமும் போட்டேன்: ஒரு பக்கெட்டில் நனைந்த எதுவும் இன்னொன்றில் நனையக் கூடாது.

"அப்ப உன் கையை ஆறா வெச்சிக்கோ" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல் தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போனது. முதலாவதில் தண்ணீரே பச்சை. இரண்டில் சுவரெல்லாம் பழுப்பு வழுவழுப்பு. மூன்றில் தலைமுடி போல இழை. காகம் உட்காரும் கம்பிக்கு நேர் கீழே இருந்த நான்காவதில், நீர் மட்டத்தில் செங்கல் நிற வளையம்; ஏரியில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை. ஐந்தில் நீலம் கலந்த பச்சை, கூடவே நாற்றம். வேப்பமர நிழலில் இருந்த ஆறாவது, இன்னும் யாருக்காகவோ காத்திருந்தது.

எதிர்க் கடைக்காரம்மா இதையெல்லாம் கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அத்தையைத் தெருவில் நிறுத்தினாள். "ஊர்ல ஒரு கொட்டாங்குச்சி உடாம கவுத்துக்கினு வர்ற. உன் தம்பி ஊட்ல ஆறு பக்கெட்டு நிக்குதே, அது இன்னா தீர்த்தமா?"

அத்தை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்று முதல் ஆறு வரை வரிசையாகக் கவிழ்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. நான் அன்று சாப்பிடவில்லை. அப்பா கதவைப் பார்த்துவிட்டு, "அட்டையில கையெழுத்தே போடாம போயிருக்குது" என்றார். கோபத்தில் மறந்திருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். நார் போட்டுத் தேய்க்கவும் மறந்திருந்தாள்.

நான் பக்கெட்டுகளை நிமிர்த்தி வைத்தேன். இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டு ஆறையும் நிரப்பியது. அடுத்த வாரத்துக்குள் முதலாவது பச்சைக்கும் இரண்டாவது பழுப்புக்கும் திரும்பின. நான்கில் அதே செங்கல் வளையம். சுவரில் ஒட்டிக் காய்ந்து கிடந்தவை மறுபடி எழுந்துவிட்டன. ஆறாவதற்கு மட்டும் மழை புதிதாக யாரையோ கூட்டி வந்திருந்தது. முதலில் வந்து பிடித்துக்கொண்டவர்களுக்கே தீவு சொந்தம் என்று நோட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

கடைக்காரம்மா விடவில்லை. "மறுபடியும் ரொம்பிக்கிச்சி போல" என்றாள்.

"புழு ஒண்ணு காட்டு. கோட்டைக் கழட்டி உன் கடையிலயே மாட்டிட்டுப் போறேன்" என்றாள் அத்தை.

அந்த வார்த்தை அத்தையின் சூப்பர்வைசர் காதுக்குப் போனது. ஒப்பந்த வேலை, சொந்தக்காரர் வீட்டில் ஒரு புழு கண்டால் போதும், மறுநாள் கோட்டு வேறொருவருக்கு.

மழைக்குப் பிறகு தினமும் காலை ஆறரைக்கு அத்தை வந்து பக்கெட்டுகளின் மேல் குனிந்து நிற்பாள். நான் வெளியே வந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். மறுபடி கவிழ்க்கச் சாக்குத் தேடுகிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் அவள் பையில் ஆறு பிளாஸ்டிக் டீ வடிகட்டிகளைப் பார்த்தேன். காம்புகளில் நகப்பாலிஷால் எண் போட்டிருந்தது. அந்த வீட்டில் அத்தையும் மாமாவும் மட்டும்தான்; இவ்வளவு டீ எதற்கு என்று நினைத்ததோடு சரி.

சூப்பர்வைசர் ஒரு திங்கட்கிழமை வந்தார். கடைக்காரம்மாவும் கடையை விட்டுவிட்டு வந்து நின்றாள். ஆறு பக்கெட்டிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்தாவதில் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாமா இது, ஒரு புழுகூட இல்லியே?"

நான் முன்னால் போய் நின்றேன். "பாசி இருக்கிற தண்ணியில கொசு வளராது சார்."

அத்தை என்னைப் பார்த்தாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கண்காட்சியில் என் சார்ட்டின் தலைப்பு 'கண்டமும் தீவுகளும்'. கடைசி முடிவாக, பாசியுள்ள நீரில் கொசுப்புழு வளராது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே 'பரிசோதனைக்கு இடையூறு செய்தவை' என்று ஒரு பட்டியல்: காகம், வேப்பிலை, அத்தை. இரண்டாம் பரிசு கிடைத்தது. அத்தை வேலையிலிருந்து கோட்டோடு வந்து, சார்ட்டை முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்தாள்.

"காக்காவுக்கு அப்புறந்தானா நானு?" என்றாள். பிறகு அந்த அறையில் நின்ற எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும், "என் தம்பி பொண்ணு" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இப்போது நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சேர்ந்த முதல் வாரத்தில் ஆறு பாட்டில்களுக்கு ஆறு பிப்பெட் எடுத்து எண் எழுதிக்கொண்டிருந்தபோது, நான்காவதில் என் கை நின்றுவிட்டது. கொசுப்புழு பாசியைத் தின்றே வளரும். தேய்க்காத சுவரில் முட்டை இருந்தே இருக்கும். அந்தப் பக்கெட்டுகளில் புழு இல்லாமல் போனதற்குப் பாசி காரணமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். சார்ட் இன்னும் சுவரில் தொங்குகிறது. கடைசி முடிவு தப்பு என்றேன்.

"அன்னிக்கே தெரியும்" என்றாள்.

எண் போட்ட அந்த ஆறு வடிகட்டிகள் எங்கே என்று கேட்டேன்.

"ரெண்டும் நாலும் கீது. மத்ததெல்லாம் டீக்குப் போயிடுச்சி" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.