பாதியில் நின்ற படத்துக்கு ஆர்பின் கொடுத்த குரல்

வெளியூர்க்காரர் யாராவது வாசலில் வந்து நின்றால் ஆர்பின் ஸ்டம்பர் முதலில் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொள்வார். பிறகு, ஏதோ தின்றுகொண்டிருந்தவரைப் போலப் புறங்கையால் வாயைத் துடைப்பார். ஒருமுறை எச்சில் விழுங்குவார். அதற்கப்புறம்தான் பேச்சு வரும். வருவது அவருடைய பேச்சாக இருக்காது. இருபது வயதில் ஒஹாயோவில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் இருந்தார். அங்கே அவர் வாயைத் திறந்தாலே சாப்பாட்டுக்கூடம் முழுக்கச் சிரிக்கும். சிரிப்பை நிறுத்துவதற்காக அவர் கற்றுக்கொண்ட, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத வழுவழுப்பான ஒரு பேச்சை ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போல மடித்து வைத்திருந்தார். டாக்டர் முன்னால், வங்கியில், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடத்தில் எடுத்து மாட்டிக்கொள்வார்.

அவர் மனைவி டெல்ஃபாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் யாரோ வாடகைக்கு வந்த ஆள் வீட்டுக்குள் நிற்பதைப் போல இருக்கும்.

1987 இலையுதிர் காலத்தில் கென்டக்கி மலையிலுள்ள எங்கள் லிக் ஃபோர்க் பள்ளத்தாக்குக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். பழைய சுரங்கம் இடிந்ததைப் பற்றி எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய நாவலைப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். கதாநாயகன் கென்டக்கி மலையில் பிறந்த சுரங்கத் தொழிலாளி. நடிக்க வந்தவரோ நீல் ஹேஸ்கின், கலிபோர்னியாக் கடற்கரையில் வளர்ந்தவர். அவர் நாக்கை இந்த மலைக்குத் திருப்புவது கோரின் என்ற பெண்ணின் வேலை. பழைய பேச்சு மாறாத ஆள் யார் என்று கோரின் தேவாலயத்தில் கேட்டபோது எல்லாரும் ஆர்பினைக் கைகாட்டினார்கள்.

கோரின் சாப்பாட்டு மேசைமேல் டேப் ரெக்கார்டரை வைத்தாள். ஆர்பின் பொத்தானைப் போட்டார்.

"உங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

"நான் நிலக்கரிச் சுரங்கத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றினேன். பணி கடினமானது. எனினும் மனநிறைவு அளித்தது."

அடுப்படியில் டெல்ஃபாவுக்குப் புரையேறியது. கோரின் போனதும் வெளியே வந்தாள்.

"யோவ், மனநிறைவா? எந்தக் கடையில வாங்கின அத?"

"வந்தவ முன்னால நம்ம லட்சணத்தக் காட்டச் சொல்றியா?"

"அந்த லட்சணத்துக்குத்தான்யா அவ இம்புட்டுத் தூரம் வந்துருக்கா."

"புடிச்சிட்டுப் போயி ஊரு பூராம் போட்டுச் சிரிக்கவா? ஒருக்கா சிரிச்சது போதும், டெல்ஃபா."

மூன்று நாளும் இதே கதைதான். நான்காம் நாள் டெல்ஃபாதான் கோரினிடம் போய்ச் சொன்னாள்: "மிஷினை மாவு டப்பாவுக்குப் பின்னால வச்சிரு தாயி. மேசையில வச்சா அவரு வாயில பூட்டுத்தான்." இப்படித்தான் அந்த ஒலிநாடா உண்டாயிற்று. அன்றைக்கு மொச்சைக் குழம்பும் சோள ரொட்டியும். மோர்க் குடத்தை எங்கே ஒளித்து வைத்தாய் என்று ஆரம்பித்து, மாமியார், கோவேறு கழுதை, போன வருட உருளைக்கிழங்கு என்று முக்கால் மணி நேரம் சண்டை ஓடியது. சண்டை என்றால் சும்மா சண்டை. நடுவில் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஆர்பின் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் டெல்ஃபா இருப்புக்கொள்ளாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் நீல் ஹேஸ்கினே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, அதுமாதிரி எனக்குப் பேச வரணும். நீங்க வேண்டாம்னா அழிச்சிடறோம்" என்றார்.

ஆர்பின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்தது எடுத்தாச்சு. உக்காரு. மோர் குடிப்பியா?"

அதற்குப் பிறகு அவருடைய மேல்பொத்தான் திறந்தே கிடந்தது. நீல் எதிரே உட்கார்ந்து ஆர்பினின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், திரும்பச் சொல்வார், தப்பினால் மறுபடி சொல்வார். ஆர்பினின் தம்பி ஹோபர்ட் தினமும் வேடிக்கை பார்க்க வந்துவிடுவான்.

"அண்ணே, கண்ண மூடிட்டுக் கேட்டா நீயேதான். நாளைக்கு இவன் உன் பென்சனையும் வாங்கிட்டுப் போயிருவான் பாரு."

"வாங்கட்டும். கூடவே இந்த நெஞ்சுச் சளியையும் சேத்து வாங்கிக்கிடச் சொல்லு."

படப்பிடிப்பு தொடங்கிப் பத்தொன்பதாம் நாள் காலையில் லாரிகள் எல்லாம் போய்விட்டன. பணம் போட்டவர்களுக்குள் தகராறு என்றார்கள். ஓடைக்கரையில் பாதி கட்டிய கடையின் பலகைகளை ஹோபர்ட் கழற்றிக் கொண்டுபோய்க் கோழிக்கூடு அடித்தான். மார்ச் மாதம் ஆர்பின் செத்துப்போனார். சுரங்கத்தின் கரித்தூசி நுரையீரலில் இருபது வருடமாகக் கட்டியிருந்த கணக்கு அது.

அழுது முடித்து, இரண்டு வருடம் கழிந்து, ஒருநாள் பின்கட்டில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தபோது டெல்ஃபாவுக்கு ஆர்பின் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி என்று நினைவுக்கு வரவில்லை. சொன்னதெல்லாம் வந்தது, சொன்ன குரல் வரவில்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தும் காதில் வந்தது இருமல் மட்டும்தான். கடைசி நாலு மாத இருமல் மிச்சத்தையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. வீட்டில் புகைப்படங்கள் பதினேழு இருந்தன. குரல் ஒன்றுகூட இல்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் பிடித்த அந்த ஒன்றைத் தவிர.

அவள் படக் கம்பெனிக்கு எழுதினாள். ஒலிநாடாக்கள் கம்பெனியின் சொத்து என்று ஒரு வக்கீல் பதில் போட்டார். அடுத்த கடிதம் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும். முகவரி மாறிய கம்பெனி, பெயர் மாறிய கம்பெனி, இல்லாமல் போன கம்பெனி. ஏழு வருடம் எழுதினாள். கடைசியில் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் எங்கெங்கோ விசாரித்துக் கோரினின் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே ஒரே ஒரு கேசட். மேலே கோரினின் கையெழுத்தில்: ஆர்பின், அடுப்படி.

ஹோபர்ட் தன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தான். மேசைமேல் வைத்து அழுத்தினார்கள். தட்டு உரசும் சத்தம். பிறகு: "ஏய் டெல்ஃபா, மோர்க் குடத்த எந்தச் சந்துல ஒளிச்சு வச்ச?" அதற்கு அவளுடைய குரலே, ஒன்பது வருடம் இளைய குரல், "உன் மூக்குக்குக் கீழதான்யா இருக்கு" என்றது.

ஹோபர்ட் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "அண்ணனேதான் மதினி. அண்ணனேதான்."

டெல்ஃபா பதினோரு நாள் அதைக் கேட்டாள். காலையில் ஒருமுறை, விளக்கேற்றும் முன் ஒருமுறை. பன்னிரண்டாம் நாள், கோவேறு கழுதையை விற்ற கதை வருகிற இடத்தில், மாவு பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. அந்தக் கதையை ஆர்பின் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ஆர்பினால் அப்படி முடியாது. நாலு வார்த்தை; மேசை விளிம்பில் கட்டைவிரலை ஊன்றி ஒரு மூச்சு; பிறகு விட்ட இடத்திலிருந்து இன்னும் நாலு வார்த்தை. கல்யாணமான பத்தாவது வருடத்திலிருந்து அவர் பேச்சே அப்படித்தான். அந்த நடுமூச்சுக்குக் காத்திருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. நாடாவில் இருந்தவனுடைய இழுப்பும் விழுங்கலும் வார்த்தை வளைகிற வளைவும் அச்சு அசல். நுரையீரல் மட்டும் கடற்கரையில் வளர்ந்தது.

ஹோபர்ட்டிடம் சொன்னாள்.

"சும்மா இரு மதினி. உன் குரலும் கூடவே இருக்குல்ல? அந்த நடிகன் பேசினா நீ எப்படிப் பதில் சொல்லுவ? அன்னைக்கு அண்ணனுக்குக் கொஞ்சம் சுகமா இருந்திருக்கும்."

"சுகமா இருந்த நாள் எனக்குத் தெரியாதாடா?"

ஹோபர்ட் கேசட்டைத் தனக்கு ஒருநாள் இரவல் கேட்டான். எடுத்துக்கொள், திருப்பித் தரவேண்டாம் என்றாள் அவள். ஆனால் அதனாலும் பலனில்லை. அதற்குப் பிறகு, தன் பெயரை அவர் சொல்வதை நினைக்க உட்கார்ந்தாலே அந்த நல்ல மூச்சுக்காரன்தான் வந்து "டெல்ஃபா" என்றான். இருமலையாவது நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அதுவும் பழையபடி வரவில்லை. கோரினுக்கு அவள் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். வேறு எதுவும் கேட்கவில்லை. 2003இல் இறந்தாள்.

அவள் அடக்கத்துக்கு வந்த கோரின் ஹோபர்ட்டிடம் சொல்லித்தான் மீதி தெரிய வந்தது. படப்பிடிப்பின் கடைசி வாரத்தில் கம்பெனி வெற்று நாடா அனுப்புவதை நிறுத்திவிட்டதாம். அதனால் ஆர்பினின் ஒரு வரியைக் கேட்பது, நாடாவைப் பின்னால் ஓட்டுவது, அதே இடத்தில் அதன் மேலேயே நீல் பேசிப் பதிவுசெய்வது என்று பயிற்சியை நடத்தினார்களாம். டெல்ஃபா பேசும் இடம் வந்ததும் கோரின் பதிவுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவாள். அவளுடைய வரிகள் பயிற்சிக்குத் தேவைப்படவில்லை.