சூரிச்சுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி

போன கிழமை வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, கனடாவிலிருந்து யோகண்ணை அழைத்தார். மனைவியோடு சூரிச் பார்க்க வருகிறாராம். "நீ எல்லா இடமும் திரிஞ்சனிதானே, வழியைச் சொல்லு."

திரிந்தது உண்மைதான். இன்டர்லாக்கன், லுசேர்ண், பேர்ண் என்று குசினி குசினியாக மாறி, திரும்பவும் சூரிச்சுக்கே வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் அரைகுறை என்றாலும் வழி சொல்வதில் நான் கெட்டிக்காரன். விமான நிலையத்தில் நகரத்துக்கு மட்டுமான ரயில் ரிக்கெற்றை எடுக்காதீர்கள், அது வேறு வலயம். பரிசோதகர் வந்தால் தண்டம்தான். தண்ணீர்ப் போத்தல் வாங்காதீர்கள், தெருவிலுள்ள குழாய்த் தண்ணீரே நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, பெரிய ஸ்டேஷனுக்குள் மட்டும் திறந்திருக்கும்.

ஞாயிறு, ஸ்டேஷன் என்று சொன்னதும் ஈர ஜாக்கெற்றின் மணம் மூக்கில் ஏறியது. ஊரை விட்டு நான் இங்கே வந்திறங்கியதும் ஒரு ஞாயிறுதான். அந்த நாளில் ஓய்வு கிடைத்த எங்கள் ஆட்கள் அங்கே மணிக்கூட்டுக்குக் கீழே நிற்பார்கள். மெல்லிய ஜாக்கெற்றோடு புதுமுகம் ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டார்கள். என்னைப் பிடித்தவர் யோகண்ணை, அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையில் இருந்தார்.

"தம்பி எவடம்? சாப்பிட்டனியோ?"

நான் வாய் திறக்குமுன் பை அவர் தோளில் ஏறிவிட்டது.

அவர் கூட்டிக்கொண்டுபோன அறையில் ஏற்கெனவே ஆறு பேர். இரவு வேலைக்காரர் எழும்பிய கட்டிலில் பகல் வேலைக்காரர் படுப்பார், மெத்தை ஆறுவதேயில்லை. ஹீட்டரில் காயும் ஜாக்கெற்றும் கோழிக்கறியும் சேர்ந்த மணம். "இவன்ர குறட்டைக்கு இவனைப் பேர்ணுக்கு அனுப்புங்கோடா" என்று கத்துவார்களே தவிர, எப்போது போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பனிக்காலம் முழுக்க இருந்தேன்.

"எங்க தங்கிறது?" என்றார் யோகண்ணை தொலைபேசியில்.

என் அறையில் ஒரு சோபா இருக்கிறது, விரித்தால் கட்டில். கனடாவில் வீடு வாங்கியவரை அதில் எப்படிப் படுக்கவைப்பது என்ற வெட்கம். தனியே இருந்து பழகிய சோம்பலும் கூட.

"ஸ்டேஷனுக்குப் பக்கத்தில ஒரு நல்ல ஹோட்டல் இருக்கண்ணை. எனக்கு இப்ப சீசன், லீவு தரமாட்டாங்கள்."

நான் லீவே கேட்டிருக்கவில்லை. அன்றிரவு சோபாவை விரித்து, அதில் படுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் குசினிப் பெரியவரிடம் லீவு கேட்டேன். சட்டியிலிருந்து தலையை எடுக்காமலே "எடு" என்றார். உடனே யோகண்ணையை அழைத்தேன்.

"அண்ணை, லீவு கிடைச்சிட்டுது. என்ர வீட்டில வந்து தங்குங்கோ."

"அட, நீ சொன்ன ஹோட்டலுக்கே காசு கட்டிப்போட்டனடா. திருப்பித் தரமாட்டாங்களாம்."

பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது: "அந்தப் பிள்ளைக்கு ஏனப்பா கரைச்சல்?"

"ஓம், அதுவும் சரிதான்" என்றார் அவர். "நல்ல இடம் காட்டினாய். தாங்ஸ் தம்பி."

அந்த அறையில் இருந்த காலம் முழுக்க, நாங்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டதே இல்லை.