மினுங்கிய தகரம்

பதுளையில் நாங்கள் குடியிருக்கும் வீடு ஒரு புடவைக்கடை முதலாளியுடையது. சாவியைத் தந்த அன்றே அவர் கணக்கைச் சொல்லிவிட்டார்: கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் எங்கள் பாடு, கூரையும் சுவரும் அவர் பாடு. நான் தலையாட்டினேன். ஆனால் இரண்டாவதை ஒரு நிமிடமும் நம்பவில்லை.

காரணம் நான் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அங்கே கூரை தோட்டத்துக்குச் சொந்தம். ஒழுகுகிறது என்று ஆபீசுக்கு நடந்து நடந்து அப்பாவின் செருப்புத் தேய்ந்தது. கடைசியில் அவரே ஒரு தகரம் வாங்கிப் போட்டார். கேட்காமல் லயத்தில் கை வைத்தாயா என்று அதைப் பிடுங்கிப் போட்டார்கள். அந்த மழைக்காலம் முழுவதும் அம்மா குடை பிடித்துக்கொண்டு சமைத்தாள்.

ஆகவே போன ஐப்பசியில் இங்கே சமையலறை ஒழுகத் தொடங்கியபோது, என் கணவரும் நானும் முதலாளியிடம் மூச்சு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கம் பார்த்து, துருப்பிடித்த தகரத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டோம். தகரம் விற்ற கடைக்காரர் தந்த பில்லை அப்போதே அடுப்பில் போட்டேன். தடயம் இருக்கக்கூடாதல்லவா. உள் அறையிலும் ஒழுகியது. அதற்கும் தகரம் வாங்கக் கையில் காசில்லை, பேசின் வைத்துச் சமாளித்தோம்.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புதுத் தகரம் வெயிலில் மினுங்கியது, பஸ் ரோட்டிலிருந்தே தெரிந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் மகளின் படிப்பு என்னாவது? தோட்டத்துக்குத் திரும்பினால், பஸ் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் லீவு. கணவரைக் கூரையில் ஏற்றி, தகரத்தில் சேறு பூசவைத்தேன். அடுத்த மழை கழுவிவிட்டது. மறுபடி பூசினார், மறுபடி கழுவியது. ஒழுகும்போதுகூட நான் மழைக்கு இவ்வளவு பயப்படவில்லை.

வாடகை வாங்க முதலாளி வந்தார். வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"தகரம் யாரு மாத்தின?"

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளிவரும். "ஒழுகுச்சுங்க. புள்ள இருக்கிற வீடு. என்ன செய்யச் சொல்றீங்க?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "கூர என்ட பொறுப்பு எண்டு அண்டைக்கே சொன்னேனே, மகள். ஏன் சொல்லாம இருந்தீங்க? பில்லத் தாங்க, வாடகையில கழிச்சிக்கங்க."

எரித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தொலைந்துவிட்டது என்றேன். தகரக் கடையில் விலையை விசாரித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். என் கோபமெல்லாம் வடிந்து, அப்பாவை நினைத்து அழுகை வந்தது.

அவர் வந்தபோது தலை தெரிந்ததுமே, உள் அறைப் பேசினைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன்.

"முதலாளி" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருந்தது.

"உள் ரூம்லயும் ஒழுகுதுங்க."

அவர் திரும்பப் படியேறி வந்து, செருப்பைக் கழற்றினார்.